டோக்கியோவிலும் ஊக்குதான்

தமிழ்நாட்டு மேடைகளில் பேச்சாளருக்குச் சரக்குத் தீர்ந்துபோனால் ஜப்பான் வந்து காப்பாற்றும். ரயில் ஒரு நிமிடம் தாமதமானால் மன்னிப்புக் கேட்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் வகுப்பறையைத் தாங்களே கூட்டுகிறார்கள். 2022 கத்தார் உலகக் கோப்பையில் ஆட்டம் முடிந்ததும் ஜப்பான் ரசிகர்கள் பைகளை எடுத்துக்கொண்டு குப்பை பொறுக்கினார்கள். பட்டியலின் கடைசியில் துப்பாக்கி வரும். "அமெரிக்காவில் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே சுடுகிறார்கள். ஜப்பானில் ஒரு வருஷத்தில் துப்பாக்கியால் செத்தவர்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம். காரணம் என்ன? பண்பாடு!" அரங்கம் கைதட்டும்.

கைதட்டல் அடங்கியதும் பேச்சு நம் ஊருக்குத் திரும்பும். "சத்திரம் பேருந்து நிலையத்தைப் போய்ப் பாருங்கள்" என்பார். வண்டி நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதைச் சொல்வார். சிரிப்பு. பிறகு குரலைத் தாழ்த்தி, "இதையெல்லாம் வீட்டில் தாய்மார்கள்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்" என்று முடிப்பார். இருபது வருஷமாகத் தமிழ்த்துறையில் வேலை பார்க்கிறேன். இந்தப் பேச்சை முன்வரிசையில் உட்கார்ந்து எத்தனை முறை கேட்டேன் என்று கணக்கில்லை. ஜப்பானில் தொடங்கி, சத்திரத்தில் இறங்கி, ஒரு பெண்ணின் தலையில் போய் முடியும் பயணம் அது. வழித்தடம் மாறியதே இல்லை.

எங்கள் துறைக்காரர்களுக்கு இதில் கூடுதல் பெருமையும் உண்டு. ஜப்பானிய மொழியியலாளர் சுசுமு ஓனோ, ஜப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவுண்டு என்று பல ஆண்டுகள் எழுதினார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. அந்தப் பகுதியை மேடையில் யாரும் சொல்வதில்லை. ஆக, ஜப்பான்காரர் நம் ஒன்றுவிட்ட அண்ணன், நல்ல பிள்ளையாக வளர்ந்துவிட்டார், நாம் கெட்டுப்போனோம் என்பதாகக் கதை ஓடுகிறது.

இந்தக் கதையோடுதான் என் சண்டை. பண்பாடு என்று இவர்கள் கைகாட்டும் இடத்தில் பெரும்பாலும் ஒரு சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்துக்குப் பின்னால் யாரோ வாங்கிய அடியோ, தெருவில் நின்று கேட்ட குரலோ இருக்கிறது. சட்டத்தை மறைத்துவிட்டுப் பண்பாட்டைப் புகழ்ந்தால், செய்ய வேண்டிய வேலை அரசின் மேசையிலிருந்து எழுந்து வீட்டுக்குள் போய்விடுகிறது. வீட்டுக்குள் போன வேலையை யார் செய்வார்கள் என்று நமக்குத் தெரியும்.

துப்பாக்கியிலேயே தொடங்கலாம். ஜப்பானியரின் கையிலிருந்து ஆயுதத்தை வாங்கியது அவர்களுடைய மென்மையான சுபாவம் இல்லை. 1588இல் டொயோடோமி ஹிடெயோஷி என்ற ஆட்சியாளர் விவசாயிகளிடமிருந்த வாள்களையும் துப்பாக்கிகளையும் பறிமுதல் செய்யச் சொன்னார். கலகம் செய்யக் கூடாது என்பதுதான் நோக்கம். 1876இல் சாமுராய்களும் பொது இடத்தில் வாள் அணியத் தடை வந்தது. இரண்டாம் உலகப் போரில் தோற்றபின், ஆக்கிரமித்திருந்த அமெரிக்கப் படையின் கீழ் 1946இல் மக்களிடமிருந்த துப்பாக்கியும் வாளும் தடை செய்யப்பட்டன. தன் நாட்டில் துப்பாக்கியை உரிமை என்று வைத்திருக்கும் அமெரிக்காதான் ஜப்பானில் அதைப் பிடுங்கியது. 1958இல் இன்றைய துப்பாக்கி, வாள் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது.

அந்தச் சட்டத்தின்படி கைத்துப்பாக்கி சாதாரணக் குடிமகனுக்குக் கிடையாது. வேட்டைத் துப்பாக்கி வேண்டுமென்றால் வகுப்புக்குப் போய் எழுத்துத் தேர்வு எழுத வேண்டும். சுடும் தேர்வு உண்டு. மனநலம் பற்றி மருத்துவர் சான்று தர வேண்டும். காவல்துறை விண்ணப்பித்தவரின் பின்னணியைத் துருவி விசாரிக்கும். துப்பாக்கியை ஓரிடத்திலும் தோட்டாவை வேறிடத்திலும் பூட்டி வைக்க வேண்டும். போலீஸ் வருஷந்தோறும் துப்பாக்கியைப் பார்த்துச் சரிபார்க்கும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். இதற்குப் பெயர் பண்பாடா? இது ஒரு குமாஸ்தாவின் அலுப்பூட்டும் பதிவேடு. அந்தப் பதிவேடுதான் அங்கே உயிர்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

பதிவேடு தப்பும் இடத்தில் பண்பாடு ஒன்றும் கைகொடுப்பதில்லை. 2022 ஜூலை 8 அன்று நாரா நகரத்தில் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபேயைச் சுட்டவர் இரும்புக் குழாயில் தானே செய்த துப்பாக்கியை வைத்திருந்தார். அடுத்த ஆண்டு மே மாதம் நகானோ மாகாணத்தில் உரிமம் பெற்ற வேட்டைத் துப்பாக்கி வைத்திருந்த ஒருவர் நான்கு பேரைக் கொன்றார். நடைப்பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு பெண்கள், தகவல் கேட்டு வந்த இரண்டு போலீஸ்காரர்கள். குனிந்து வணங்கும் நாட்டிலும் கையில் துப்பாக்கி கிடைத்தவர் சுட்டிருக்கிறார். அங்கே அது அதிகம் கிடைப்பதில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

இதே தந்திரத்தை நம்மைப் பற்றியும் செய்துகொள்கிறோம். "தமிழ்நாட்டில் துப்பாக்கிக் கலாச்சாரம் இல்லை, நாம் அப்படிப்பட்டவர்கள் இல்லை" என்கிறோம். இதைத் திருச்சியில் உட்கார்ந்து சொல்வதுதான் வேடிக்கை. 1966 முதல் இந்த ஊரில் துப்பாக்கி செய்கிறார்கள். நகரப் பேருந்துக்காரரிடம் துப்பாக்கித் தொழிற்சாலை என்று சொன்னால் சீட்டுக் கிழித்துத் தருவார். இந்திய ராணுவத்தின் இன்சாஸ் துப்பாக்கி இங்கே தயாரானது. திருச்சி அசால்ட் ரைஃபிள் என்று ஊரின் பெயரையே தாங்கிய துப்பாக்கி இருக்கிறது. உச்சிப்பிள்ளையாரும் ரங்கநாதரும் காவிரியும் உள்ள ஊர் என்று எழுதும் கவிஞர்கள், நானும் சேர்த்தி, இதைக் கவிதையில் வைப்பதில்லை.

இத்தனை துப்பாக்கி செய்யும் ஊரில், சத்திரத்தில் பேருந்துக்கு நிற்கும் நான் துப்பாக்கிக்குப் பயந்ததில்லை. ஊர் மக்கள் சாது என்பதால் இல்லை. தொழிற்சாலையின் வாசலைத் தாண்டும் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் எண் இருக்கிறது, கணக்கு இருக்கிறது. அதற்கு வெளியே ஒரு சட்டம் இருக்கிறது.

அந்தச் சட்டமும் புனிதமாகப் பிறக்கவில்லை. 1878இல் லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டம் இந்தியர் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் கேட்டது. ஐரோப்பியருக்கு விலக்கு அளித்தது. அந்த அவமானத்தின் எதிரொலியாகத்தான் 1931 கராச்சி காங்கிரஸ், அடிப்படை உரிமைகள் பட்டியலில் விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையையும் சேர்த்தது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் அதையே அரசமைப்பில் சேர்க்கக் கேட்டார். அம்பேத்கர் ஏற்கவில்லை. இன்று நம் 19ஆம் பிரிவு அமைதியாக, ஆயுதமின்றிக் கூடும் உரிமையைத்தான் தருகிறது. 1959இல் புதிய ஆயுதச் சட்டம் வந்தது. 2019இல் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகள் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டன. அமெரிக்காவாக நாம் ஆகாமல் போனதற்கு 1948இல் அந்த அவையில் எடுத்த முடிவு ஒரு காரணம். திருக்குறள் படித்தது காரணமில்லை.

சந்தேகம் இருப்பவர்கள் உத்தரப் பிரதேசத்தைப் பார்க்கலாம். அங்கே உரிமத் துப்பாக்கி மட்டும் பத்து லட்சத்துக்கு மேல். தமிழ்நாட்டின் எண்ணிக்கை அதன் பக்கத்தில்கூட வராது. அவர்களுக்கும் ராமாயணம் இருக்கிறது, ஆறு இருக்கிறது, பெரியவர் காலில் விழும் வழக்கம் இருக்கிறது. உரிமம் தாராளமாகக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். நம் ஊரிலும் தேர்தல் தேதி அறிவித்ததும் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். அரசு நம் பண்பாட்டை நம்புவதில்லை. அந்த ஒரு விஷயத்தில் அரசு சொல்வது சரி.

இனி, பண்பாட்டுப் பேச்சாளர்கள் வாயே திறக்காத இடத்துக்கு வருகிறேன். துப்பாக்கி இல்லாத ஊர் பெண்ணுக்குப் பத்திரமான ஊரா?

2016 மார்ச் 13, உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில் சங்கரை வெட்டிக் கொன்றார்கள். சாதி மீறி அவரைத் திருமணம் செய்த கௌசல்யாவையும் வெட்டினார்கள். கேமராவில் எல்லாம் பதிவானது. அதே ஆண்டு ஜூனில் சென்னை நுங்கம்பாக்கம் ரயில் நிலைய நடைமேடையில், காலை வேலைக்குக் கிளம்பிய பெண்ணை அரிவாளால் வெட்டிச் சாய்த்தார்கள். இரண்டிலும் துப்பாக்கி இல்லை. உரிமம் கேட்காத ஆயுதங்கள் நம்மிடம் ஏராளம்: அரிவாள், மண்ணெண்ணெய், அமிலம். அமிலத்தைக் கடையில் கேட்டவருக்கெல்லாம் விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013இல் சொல்ல வேண்டியிருந்தது. எத்தனை பெண்களின் முகம் போனபின் அந்த உத்தரவு வந்தது என்று நினைத்துப் பாருங்கள். துப்பாக்கி அரசின் கையில் மட்டும் இருந்தால் போதும் என்றும் நான் சொல்லவில்லை. 2018 மே மாதம் தூத்துக்குடியில் காவல்துறை சுட்டு 13 பேர் செத்தார்கள். அந்தத் துப்பாக்கிகளுக்கும் எண் இருந்தது, கணக்கு இருந்தது. யார் கையில் இருந்தாலும் அதைக் கேள்வி கேட்கும் சட்டம் வேண்டும்.

எங்கள் தலைமுறைப் பெண்களிடமும் ஓர் ஆயுதம் இருந்தது. ஊக்கு. 1990களின் கடைசியில் கல்லூரி மாணவியாக ஸ்ரீரங்கத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பேருந்தில் சத்திரம் வருவேன். காவிரிப் பாலம் ஏறியதும் பின்னால் ஒரு உடம்பு சாயும். "உள்ளே போம்மா, உள்ளே போம்மா" என்று நடத்துனர் தள்ளுவார். உள்ளே போனால் அங்கே இன்னொரு உடம்பு நிற்கும். எதிர்வீட்டு அக்கா சொல்லித்தந்தபடி தாவணியில் இரண்டு ஊக்கு வைத்திருப்போம். ஒன்று முந்தானைக்கு, ஒன்று கைக்கு. குத்தினால் அவன் கத்துவான், பேருந்து முழுவதும் என்னைத் திரும்பிப் பார்க்கும். "பொம்பளப் புள்ளைக்கு இவ்வளவு ஆங்காரமா" என்று ஒரு பெரியவர் சொல்வார். நாகரிகமில்லாதவள் நான்.

ஜப்பானைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோது என்னை நிறுத்திய செய்தி இதுதான். 2019இல் ஜப்பானியப் பெண்கள் சமூக ஊடகத்தில் ரயிலில் உரசும் ஆண்களைப் பற்றிப் பேசியபோது, ஊக்கால் குத்தலாமா கூடாதா என்று ஒரு விவாதம் எழுந்தது. பள்ளிக்கூடத்தில் ஊக்கு வைத்துக்கொள்ளச் சொன்னார்கள் என்று சிலர் நினைவுகூர்ந்தார்கள். அதைப் பார்த்த ஷாச்சிஹாட்டா என்ற முத்திரை செய்யும் நிறுவனம், உரசுகிறவன் கையில் கண்ணுக்குத் தெரியாத மையால் அடையாளம் குத்தும் சிறு முத்திரை ஒன்றைச் செய்து விற்றது. முதல் சுற்றுச் சரக்கு சீக்கிரமே தீர்ந்துபோனது. சத்திரத்தில் துண்டு போடுகிறோம், டோக்கியோவில் கோடு போட்ட இடத்தில் வரிசையில் நிற்கிறார்கள். வண்டிக்குள் ஏறியபின் இரண்டு ஊரிலும் பெண்ணின் கையில் இருந்தது ஊக்குதான்.

வரிசை ஒழுங்கு நல்லதுதான், நானும் விரும்புகிறேன். ஆனால் வரிசையில் நின்ற அதே ஆண்தான் உள்ளே கையை நீட்டுகிறான். அதனால்தான் அங்கே 2000க்குப் பிறகு பெண்களுக்கான தனிப் பெட்டிகள் வந்தன. அங்கே விற்கும் கைபேசிகளில் படமெடுக்கும் சத்தத்தை அணைக்க முடியாதபடி செய்து வைத்திருக்கிறார்கள். பாவாடைக்குக் கீழே படம் பிடிக்கிறவர்கள் அவ்வளவு பேர். உலகப் பொருளாதார மன்றத்தின் 2023 பாலின இடைவெளிப் பட்டியலில் 146 நாடுகளில் ஜப்பான் 125ஆவது இடம், இந்தியா 127ஆவது இடம். மேடையில் ஏணி வைத்துக் காட்டும் உயரத்துக்கும் நமக்கும் இடையே இரண்டே படி.

அந்த நாட்டின் பாலியல் வன்முறைச் சட்டம் 1907இல் எழுதியது. 2017இல்தான் அதைப் பெரிதாகத் திருத்தினார்கள். பாதிக்கப்பட்டவர் தானே புகார் தந்தால்தான் வழக்கு என்ற விதி அப்போதுதான் போனது. அந்த ஆண்டு ஷியோரி இடோ என்ற பத்திரிகையாளர் தனக்கு நேர்ந்ததைத் தன் பெயரோடு, தன் முகத்தோடு வெளியே சொன்னார். அவருக்குக் கிடைத்தது வசை. உரிமையியல் வழக்கில் அவர் வெல்ல 2019 டிசம்பர் ஆனது. 2019 மார்ச்சில் பாலியல் வழக்குகளில் வரிசையாக விடுதலைத் தீர்ப்புகள் வந்தபோது, ஏப்ரல் 11 அன்று டோக்கியோ ரயில் நிலையம் அருகே பெண்கள் கையில் பூவோடு கூடினார்கள். பிறகு மாதந்தோறும் 11ஆம் தேதி பல ஊர்களில் கூடினார்கள். 2023இல் சட்டம் மறுபடியும் திருத்தப்பட்டது. சம்மதம் இல்லாமை குற்றத்தின் மையத்துக்கு வந்தது. சம்மத வயது 13லிருந்து 16 ஆனது. அதுவரை 13. நம் பேச்சாளர் "அங்கே குழந்தைகளை எப்படி வளர்க்கிறார்கள் பாருங்கள்" என்று வியந்துகொண்டிருந்த ஆண்டுகளிலெல்லாம் 13.

ஜப்பானை இழிவுபடுத்துவது என் நோக்கமில்லை. அந்தப் பூவேந்திய பெண்கள் என் தோழிகள். ஜப்பான் என்ற தேவலோகத்தைப் புகழ்கிறவர்கள்தான் அவர்களை அழிக்கிறார்கள். குறையே இல்லாத நாட்டில் போராடிய பெண்களுக்கு இடமில்லை. அந்தப் புகழ்ச்சியில் நம் சொந்தச் சாவுகளுக்கும் இடமில்லை. 1942, 1943இல் ஜப்பானிய ராணுவம் போட்ட சயாம் - பர்மா ரயில் பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் பல்லாயிரம் பேர் காலராவிலும் பட்டினியிலும் செத்தார்கள். அந்த ராணுவம் ஆசியாவெங்கும் பெண்களைப் பாலியல் அடிமைகளாக்கியது. 1991இல் கொரியாவின் கிம் ஹாக் சுன் தன் வாயால் அதைச் சொன்ன பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. மேடையில் ரயில் நேரத்தைப் புகழ்கிறவர் இந்த ரயிலைப் பேசியதே இல்லை.

நாகரிகம் என்ற சொல்லை நான் வகுப்பில் பாடமாக நடத்துகிறேன். குறளில் அந்தச் சொல் கண்ணோட்டம் அதிகாரத்தில் வருகிறது. பழகியவர் தருவது நஞ்சு என்று கண்ணால் கண்டும் அதைக் குடித்து அமைதியாக இருப்பவரை அங்கே நாகரிகம் விரும்புபவர் என்கிறார். வள்ளுவர் யாரை நினைத்துச் சொன்னாரோ, நம் வீடுகளில் அந்தக் கோப்பை பெண்ணின் கைக்கே வருகிறது. அச்சம், நாணம், மடம் என்று முன்பே பாடம் தயாராக இருப்பதால் குடிப்பதும் சுலபம். ஆண் பொறுத்துக்கொண்டால் பெருந்தன்மை என்கிறோம். பெண் பொறுத்துக்கொண்டால் அது இயல்பு என்கிறோம்.

நாகரிகத்தை நம்பாதவர்கள் இன்னொரு மருந்து வைத்திருக்கிறார்கள்: பெண்ணின் கையில் துப்பாக்கி. 2014 ஜனவரியில் கான்பூர் ஆயுதத் தொழிற்சாலை பெண்களுக்கென்றே அரைக் கிலோ எடையில் ஒரு ரிவால்வரை அறிமுகம் செய்தது. டெல்லியில் 2012இல் கொல்லப்பட்ட பெண்ணுக்கு ஊடகங்கள் வைத்த பெயரின் சாயலில் அதற்கு நிர்பீக் என்று பெயர். விலை சுமார் 1,22,000 ரூபாய். செத்த பெண்ணின் பெயரை விற்பனைச் சீட்டாக ஒட்டிய அந்தத் தொழிற்சாலையும் நம் திருச்சித் தொழிற்சாலையும் 2021 முதல் ஒரே அரசு நிறுவனத்தின் கீழ் இருக்கின்றன.

மாலை ஏழு மணிக்குமேல் சத்திரத்தில் நிற்கும் பெண்கள் யார்? என்.எஸ்.பி. சாலை ஜவுளிக்கடைகளில் நாள் முழுதும் நின்று புடவை விரித்தவர்கள், பூக்கூடையைக் காலி செய்துவிட்டு வருகிறவர்கள், தட்டச்சு வகுப்பு முடித்த பெண்பிள்ளைகள். இவர்களில் யார் ஒன்றேகால் லட்சத்துக்குத் துப்பாக்கி வாங்குவார்? வாங்கினாலும் அது வீட்டில் யார் அலமாரியில் இருக்கும், சாவி யாரிடம் இருக்கும்? பெண்ணை அடிக்கிறவர்களில் பெரும்பாலோர் தெரிந்தவர்கள், ஒரே கூரையின் கீழ் இருப்பவர்கள். வீட்டுக்குள் வந்த துப்பாக்கி முதலில் யாரைப் பார்க்கும் என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. பெண்கள் துப்பாக்கி ஏந்தவே கூடாதா என்று கேட்பவர்கள் உண்டு. மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து 1943இல் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த தமிழ்ப் பெண்களை நான் வணங்குகிறேன். அவர்கள் ஒரு சாம்ராஜ்யத்தை எதிர்த்துப் போனார்கள். வேலை முடிந்து வீட்டுக்குப் போக ஒரு பெண் போர்வீரராக வேண்டியிருந்தால் அது அரசின் தோல்வி.

"பண்போடு இரு" என்பதும் "ஆயுதம் வைத்துக்கொள்" என்பதும் எதிரெதிர் அறிவுரைபோலத் தெரியும். இரண்டும் ஒரே வாயிலிருந்துதான் வருகின்றன. இரண்டிலும் வேலை பெண்ணுக்கு, ஓய்வு அரசுக்கு.

எங்களுக்குக் கிடைத்தவை எல்லாம் மூன்றாவது வழியில் கிடைத்தவை. 1998 ஜூலையில் சென்னையில் ஆட்டோவில் வந்த கும்பல் சீண்டியதில் ஒரு கல்லூரி மாணவி செத்தார். அதன்பிறகே தமிழ்நாட்டில் சீண்டலுக்கு எதிரான தனிச் சட்டம் வந்தது. ஊக்கு வைத்திருந்த எங்களுக்கு முதன்முதலாக ஒரு சட்டப்பிரிவு கிடைத்தது. 2025 ஜனவரியில் அதன் தண்டனைகளைக் கூட்டினார்கள். அதற்கும் ஒரு மாணவி அடிபட வேண்டியிருந்தது. ஜவுளிக்கடைப் பெண்களுக்கு உட்கார நாற்காலி வேண்டும் என்ற சட்டத் திருத்தம் 2021இல் வந்தது. அதுவரை அவர்கள் கால் வீங்க நின்று சிரித்ததை நாம் விருந்தோம்பல் என்றோம். அதே ஆண்டு மே மாதம் நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று அரசாணை வந்தது. "ஓசி டிக்கெட்" என்று முணுமுணுக்கிறவர்கள் முணுமுணுக்கட்டும். கணவனிடம் கைநீட்டாமல் வெளியே கிளம்பிய பெண்கள் எத்தனை பேர் என்று சத்திரத்தில் ஒரு மாலை நின்றால் தெரியும். எந்தப் பண்பாடும் அவர்களைப் பேருந்தில் ஏற்றவில்லை. ஓர் ஆணை ஏற்றியது.

இன்னும் வேண்டியவையும் இதேபோல அலுப்பான விஷயங்கள்தான். இரவு ஒன்பதரைக்குமேல் கிராமங்களுக்குப் பேருந்து. நிழற்குடையில் எரியும் விளக்கு. புகார் சொன்னால் வண்டியை நிறுத்த வேண்டிய கடமை நடத்துனருக்கு. "சமாதானமாப் போம்மா" என்று சொல்லாமல் புகாரை எழுதிக்கொள்ளும் காவல் நிலையம். 2013 சட்டப்படி அமைக்க வேண்டிய விசாரணைக் குழு, பெயர்ப்பலகையாக மட்டும் இல்லாமல் வருஷத்தில் நாலு முறையாவது கூடும் குழு. ஜப்பானிடமிருந்து கற்க ஒன்று உண்டென்றால் அது இந்த அலுப்புதான். துப்பாக்கிக்கு அவர்கள் வைத்திருக்கும் பதிவேட்டின் பிடிவாதத்தைப் பெண்ணின் புகாருக்கு நாம் வைத்தால் போதும்.

அடுத்த முறை யாராவது மேடையேறி "ஜப்பானைப் பாருங்கள்" என்றால் கைதட்டாதீர்கள். எழுந்து நின்று மூன்று கேள்வி கேளுங்கள். ஐயா, நீங்கள் சொல்வது எந்தச் சட்டம்? அது எந்த ஆண்டு வந்தது? அது வருவதற்கு எந்தப் பெண்கள் தெருவில் நின்றார்கள்?